அகலமாய்க் கிடக்கும் தெரு பற்றி மைத்துனருக்கு ஒரு விண்ணப்பம்

உத்திரமேரூர் அருகிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர், கல்வி அலுவலகக் கண்காணிப்பாளர், உயர்திரு தாண்டவராயன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஆதிலட்சுமியின் கணவன் வேதகிரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் உங்கள் தங்கையும் பெண்கள் இருவரும் கறவைப் பசுவும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை நீங்கள் தெரிவிக்காவிட்டாலும், வாலாஜாபாத் போய்வருகிறவர்கள் சொல்லத் தெரிந்துகொள்கிறோம். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறதாமே, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன். சின்னவள் காதுகுத்து அன்று உங்கள் பஸ் தாமதமாகி, நல்ல நேரம் போகிறதே என்று ஐயர் அவசரப்படுத்த, தாய்மாமன் மடிக்குப் பதிலாக உங்கள் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்காரவைத்தோம். நீங்கள் பந்தலுக்குள் வந்து பார்த்துவிட்டு, இலையில்கூட உட்காராமல் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனீர்கள். அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. அதைப் பற்றிப் பேச நான் இதை எழுதவில்லை. இது முழுக்க முழுக்கக் கல்வி சம்பந்தப்பட்ட விஷயம்.

மூத்தவள் வளர்மதி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கு சுகிர்தா என்று புதிதாக ஒரு தமிழாசிரியை வந்திருக்கிறார். மொழியும் மனமும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று ஆராய்ச்சி செய்தவராம். செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் செய்யுள் பாடத்துக்கு அவர் பொழிப்புரை சொல்லி எழுதவைப்பதில்லை. கண்ணை மூடிக் கேளுங்கள் என்கிறார், என்ன தெரிந்தது என்கிறார், எந்தச் சொல் விழுந்ததும் அந்தப் படம் மாறியது என்கிறார், ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு இப்போது மனம் என்ன செய்கிறது பாருங்கள் என்கிறார். நாங்கள் படித்த காலத்தில் செய்யுளை மனப்பாடம் செய்தோம், அடி வாங்கினோம், மறந்தோம். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

போன வாரம் வீட்டுப்பாடம் என்று தானே எழுதிய இரண்டு வரியைக் கொடுத்து, வீட்டிலும் தெருவிலும் இருப்பவர்களிடம் சொல்லிக் காட்டி, அவர்கள் மனதில் என்ன தெரிகிறது என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறார். வரி இதுதான்:

வர வேண்டியவர் வராத தெரு
அகலமாய்க் கிடக்கிறது.

வளர்மதி முதலில் தன் அம்மாவிடம் போனாள். ஆதிலட்சுமி அப்போது கருவாட்டுக் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரியைக் கேட்டதும் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அகலமாய் என்பதை எடுத்துவிட்டுக் காலியாய் என்று போட்டால் எப்படி இருக்கிறது என்று பெண் கேட்க, "காலியா கீதுன்னா யாராவது வந்து ரொப்பிடுவாங்கன்னு தோணுதுடி. அகலமா கீதுன்னா அந்த ஒருத்தர் வந்தாத்தான் ரொம்பும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். குழம்பு அடிப்பிடித்து, அன்று எனக்கு மோர்சோறும் ஊறுகாயும்தான்.

அடுத்தது கழனி. நடவு நடந்துகொண்டிருந்த நேரத்தில் வரப்பில் நின்று இவள் வரியைச் சொல்ல, நடவுக்கு வந்த பெண்கள் நாற்று முடியும் கையுமாக நிமிர்ந்துவிட்டார்கள். அது பொழுது சாய்கிற நேரத்துத் தெரு என்றாள் செங்கேணி. உச்சி வெயில் என்றாள் மங்கம்மா. "பொய்து சாய்ஞ்சப்புறம் எவன் வந்தா இன்னா, வராட்டி இன்னா? வெயில்லதாண்டி தெரு அகலமா தெரியும்" என்று அவள் சொல்ல, "உன் வூட்டுக்காரன் வெயில்ல வருவான், என் மவன் சாயங்கால வண்டிலதான் வருவான்" என்று செங்கேணி சொல்ல, வார்த்தை தடித்து இருவரும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கழனியில் பாதி நட்டும் பாதி நடாமலும் கிடந்தது.

பிறகு என்னிடம் வந்தாள். "நைனா, உனுக்கு எந்தத் தெரு தெரிஞ்சுது?" "தார் ரோடு" என்றேன். "யாரு வர்ல?" "ரோடு போட்ட காண்ட்ராக்டர்." அவள் சிரிக்கவில்லை. "மூஞ்சி மாறிச்சே நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, பொதுத்தேர்வில் திருத்துகிறவர் விடைக்குறிப்பைப் பார்த்து மதிப்பெண் போடுவாரா, என் மகள் மனதில் ஓடும் படத்தைப் பார்த்துப் போடுவாரா என்று கேட்டேன். அங்கே இருந்த டீச்சரம்மா பதறவே இல்லை. "தேர்வுக்கு எழுதவும் சொல்லித் தர்றேங்க. முதல்ல அவங்களே பார்க்கட்டும், பார்த்ததை எழுதினா மறக்காது" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "ஆமா, உங்களுக்கு எந்தத் தெரு தெரிஞ்சுதுங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், காலில் இருந்தது தலைமையாசிரியரின் செருப்பு.

இதற்கெல்லாம் மேலாக, பி.காம். படிக்க இருந்த பெண் இப்போது கல்லூரியில் தமிழ்தான் படிப்பேன் என்கிறாள். ஆகவே, தாங்கள் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லி, சுகிர்தா டீச்சருக்கு ஓரிக்கைப் பக்கமோ ஐயங்கார்குளம் பக்கமோ, அவருக்கும் சிரமமில்லாத இடமாகப் பார்த்து மாற்றல் வாங்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பரீட்சைக்கு முன்னால் நடந்தால் பெண் பிழைப்பாள்.

தங்கள் வீட்டில் அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் குடும்பம் நோய்நொடியின்றி நிறைந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
வேதகிரி

பி.கு.: மேலே எழுதியதை ஆதிலட்சுமி வாங்கிப் படித்தாள். "இத்தினி நாள் கயிச்சு எங்க அண்ணனுக்கு லெட்டர் போடறே, இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டாள். மச்சான், எனக்குத் தெரிந்தது தார் ரோடு இல்லை. எங்கள் தெருதான். பஸ் நிற்கிற முனையிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் வெயிலில் கிடக்கிறது. நீங்கள் பை நிறைய முறுக்கு வாங்கிக்கொண்டு குடை பிடித்து வருவீர்களே, அந்த இடத்தில் யாரும் இல்லை. இதை எப்படி ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்வது? டீச்சரை மாற்ற வேண்டாம். என்றைக்காவது அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஆள் இங்கேயே இருக்கட்டும். சின்னவளுக்கு ஒரு காது தூர்ந்துவிட்டது, மறுபடி குத்த வேண்டும். ஐயர் என்ன கத்தினாலும் சரி, உங்கள் பஸ் வருகிறவரை இந்த முறை பிள்ளை யார் மடியிலும் உட்காராது. ஆனால் நன்றாக வளர்ந்துவிட்டாள், உங்கள் மடி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.