லென்சு சகலையும் தங்கவயல் கோபுரமும்

சிவகாசியில் இட்லியைக்கூட லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்ட ஒரே மனிதர் என் சகலைதான். அதாவது, என் மனைவியின் அக்காள் கணவர். காலண்டர் அடிக்கும் கம்பெனியில் ஃபிலிம் ஒட்டி பிளேட் போடுகிற வேலை. அச்சுப் புள்ளிகளைப் பார்க்கும் குட்டி லென்ஸ் ஒன்று எந்நேரமும் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும். அதனால் பெயரே லென்சு. சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பெண் பார்க்கும் முன்பே பெண்ணின் போட்டோவை லென்ஸில் பார்த்து, "டச்சப் பண்ணியிருக்கீகளே" என்று மாமனாரிடம் கேட்டவர். அதற்குப் பிறகும் பெண் கொடுத்தார்களே, அந்தப் பெருந்தன்மையை என்ன சொல்வது! "இருவத்தி ரெண்டு வருசத்துல என் கையில ஒரு தப்பு வந்ததில்ல" என்பார். கல்யாண வீட்டிலும் சொல்வார், இழவு விழுந்த துட்டி வீட்டிலும் சொல்வார்.

செல்போன் முதலாளிமார் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலம். ஒரு தீபாவளிக்கு மறுநாள் திடீரென்று வேனோடு எங்கள் விருதுநகர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கெளம்புங்க. பவானி, மேட்டூரு, ஒகேனக்கல், அப்படியே கோலார் தங்கவயலு. லாட்ஜெல்லாம் கெடையாது. தார்ப்பாயி கட்டித் தங்குறோம், பொங்கித் திங்கிறோம்."

சீசனுக்குக் குற்றாலம்கூடக் கூட்டிப் போகாத மனிதர்! இரண்டு குடும்பம், ஏழு பேர், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. புறப்பட்டுவிட்டோம்.

பவானி ஆற்றங்கரையில் மதினி, அதாவது லென்சின் மனைவி, உலை வைத்தார். லென்சு ஒரு தாளை விரித்தார், கோயிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "சரியா இருக்கு. கெளம்புவோம்."

"சோறு இன்னும் வேகலைங்க."

"வேன்ல வேகட்டும்."

மேட்டூரில் பிள்ளைகள் கால் நனைக்கவில்லை. ஒகேனக்கல்லில் நான் எண்ணெய் மசாஜுக்குக் குப்புறப் படுத்திருந்தேன். பாதி முதுகு முடிந்திருக்கும், வேன் ஹாரன் அலறியது. மீதி முதுகுக்கு இன்றுவரை எண்ணெய் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிருஷ்ணகிரி தாண்டி ஒரு மாந்தோப்பில் தார்ப்பாய் கட்டினோம். லென்சு ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, என்னதான் விசயம்? கடன்காரனா தொரத்துறான்?"

தாளை என் மடியில் போட்டார். காலண்டர் படங்கள். மாதத்துக்கு ஓர் ஊர், சனவரிக்குத் தங்கவயல். வலது பக்கம் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம், இடது பக்கம் கழிவு குவிந்த வெள்ளை மண்மேடு.

"இந்தத் தங்கவயல் ஃபிலிமு சட்டத்துலருந்து களண்டு விழுந்துச்சு சகல. எடுத்துச் சொருகுனேன். பக்கம் மாத்திச் சொருகிட்டேனோன்னு ஒரு சந்தேகம். மாத்தியிருந்தா இடது வலதாயிரும். அதுல போர்டு, எழுத்து ஒண்ணும் இல்ல, கண்டுபிடிக்க முடியல. ஒண்ணுல சந்தேகம் வந்ததும் வழியில உள்ள மத்த ஊரையும் பாத்துட்டு வந்தேன். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு மிசினு ஓடுது. லட்சம் தாளு."

"போட்டோக்காரரக் கேட்டிருக்கலாமே?"

"லென்சுக்கே சந்தேகமான்னு ஊரு சிரிக்குமேய்யா! ஆர்டர் குடுத்த நகைக்கடைக்காரரு அந்த ஊர்லயே பொறந்தவரு. பாத்ததும் புடிச்சிருவாரு. தப்பாப் போச்சுன்னா நான் வேலைய விட்டுருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மறுநாள் எட்டரை மணிக்குத் தங்கவயல். சுரங்கத்தை மூடியிருந்தார்கள், கோபுரம் மட்டும் நின்றது. சாலையிலிருந்து பார்த்தோம். வலது பக்கம் கோபுரம், இடது பக்கம் மேடு.

"சரியா இருக்கு!" என்று லென்சு என்னைக் கட்டிப்பிடித்தார்.

டிரைவர் பல் துலக்கிக்கொண்டே மேட்டுக்கு அந்தப் பக்கம் போனவர், "சார், இங்கன வந்து பாருங்க, இப்ப கோபுரம் இடது பக்கம் நிக்குது" என்று கத்தினார்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். ஆமாம், நின்றது. போட்டோக்காரர் எந்தப் பக்கமிருந்து படம் எடுத்தாரோ, அது யாருக்குத் தெரியும்? லென்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி எட்டே முக்கால்.

மதினி தாளை வாங்கிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து புருசனின் வேலையை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"ஏங்க, கோபுரத்துக்குக் கீழ ஒரு பொம்பள வாராளே."

"அதுக்கென்ன இப்ப?"

"அவளுக்கு மாராப்பு வலது தோள்ல கெடக்கே. எந்த ஊர்ல அப்படிக் கட்டுறாக?"

எல்லாரும் மதினியின் தோளைப் பார்த்தோம். இடது. என் மனைவியைப் பார்த்தோம். இடது. லென்சு லென்ஸைத் தாளில் வைத்தார். ஒரு மாதமாக அந்தப் பெண்ணின் புள்ளிகளை எண்ணியவர், பெண்ணை அப்போதுதான் பார்த்தார்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். முதல் தடவை எங்கேஜ். இரண்டாவது தடவையும் எங்கேஜ். மூன்றாவதில் எடுத்தார்கள். மிஷின் சத்தம் எனக்கே கேட்டது.

"ஓட விட்டாச்சா?"

"கலரு செட் பண்றோம் அண்ணாச்சி. வேஸ்ட் தாளுதான் ஓடுது."

"நிப்பாட்டு! சனவரிப் படம் திரும்பிக் கெடக்கு. தப்பு என்னுது. மொதலாளிகிட்டக் குடு, நானே சொல்லுறேன்."

முதலாளியிடமும் அதே மூன்று வாக்கியம். சாக்குப்போக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை. தங்கவயலில் நிற்பதையும் மதினி கண்டுபிடித்ததையும் சொல்லி, வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். முதலாளி போட்ட சத்தம் பூத்துக்கு வெளியே கேட்டது. "யோவ் லென்சு! இதக் கண்டுபிடிக்கவா தங்கவயலுக்குப் போனீரு? வீட்டுல கேட்டா ஆகாதா? வேலைய விடுறதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம், வந்து வேற பிளேட்டப் போடும்!"

போனை வைத்துவிட்டு லென்சு கண்ணைத் துடைத்தார்.

"இனிமே இருவத்தி ரெண்டு வருசம்னு சொல்ல முடியாதே சகல."

அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன் நான். அன்றைக்கு அது இல்லாமல் அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படமானாலும் முதலில் மதினியிடம்தான் போகும். லென்ஸைக் கழற்றி நீட்டுவார். "அது எதுக்கு?" என்று மதினி தள்ளிவிடுவார்.

அன்று ஓடிய வேஸ்ட் தாளில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் லென்சு அதைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடுவார். கழற்ற மாட்டேன். தப்பு என்னுது என்று உரக்கச் சொன்ன ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் என் சகலை.