களஞ்சியபுரியின் மாதிரிப் பிள்ளை

களஞ்சியபுரி நாட்டில் அந்த ஆண்டு புண்ணியம் மூட்டை நாற்பது வராகனுக்குப் போயிற்று. புண்ணியத்துக்கு விலையே கிடையாது என்று அந்நாட்டுக் கோயில்களில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒரு சரக்குக்கு விலையே கிடையாது என்று யாராவது சொன்னால், தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பேரத்துக்கு உட்காருவது களஞ்சியபுரிச் சந்தையின் வழக்கம். ஆகவே புண்ணியத்துக்கும் விலை படிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தால் ஒரு மூட்டைப் புண்ணியம். போட்ட முதலே திரும்பி வருகிறது, லாபம் எங்கே என்று முதலில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

தொட்டவர் மிளகாய் மண்டி பெத்தண்ணன். அவரை மகான் என்று நினைத்துவிட வேண்டாம். மண்டிக்குக் கணக்கெழுத ஆள் தேடினார், கிடைக்கவில்லை. நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏன் முளைப்பதில்லை என்று பார்க்க உமிமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். இரண்டாவது பாடம் முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் தரையில் சாய்ந்துவிட்டார்கள். மீதிப் பாதி வரவேயில்லை. அறுத்த வயலில் எலி வளைகளைத் தோண்டி, எலி சேர்த்துவைத்த நெல்லை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுகளுக்கு எழுத்து வரலைன்னு வாத்தியார அடிச்சு என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஓர் அண்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார் பெத்தண்ணன். சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை.

அந்த அண்டா வேலை செய்தது. எலி வளைகளை விட்டுவிட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். வீட்டில் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண் பிள்ளைகள், இடுப்பில் இருந்ததையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த அறுவடைக்குள் உமிமேட்டில் பெரிய பிள்ளைகள் எல்லாரும் தங்கள் பெயரை எழுதினார்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இந்தக் கதையில் ஒழுங்காக வேலை செய்த பொருள் அந்த அண்டா ஒன்றுதான்.

மற்ற மண்டிக்காரர்களும் பார்த்தார்கள். ஊருக்கு ஓர் அண்டா வந்தது. விஷயம் அரண்மனைக்குப் போயிற்று.

இங்கே களஞ்சியபுரியின் அரசமைப்பைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டில் யாரும் மூட்டையை அவிழ்த்துப் பார்த்து வாங்குவதில்லை. சாக்கில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுப்பார்கள். உள்ளங்கையில் பரப்பி, ஊதி, இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு பிடிக்கு மாதிரி என்று பெயர். மாதிரி நன்றாக இருந்தால் ஆயிரம் மூட்டையும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மூட்டையில் கலப்படம் செய்தவனைக் கெட்டிக்காரன் என்பார்கள். மாதிரியில் கை வைத்தவனை நாட்டைவிட்டுத் துரத்துவார்கள். தேர்தலையும் இப்படியே நடத்தினார்கள். தெருவுக்கு ஒரு மாதிரி வாக்காளர். தேர்தல் வாரத்தில் அவருக்கு வேட்டி, விருந்து, வெற்றிலை. அவர் மனம் குளிர்ந்தால் தெருவே குளிர்ந்துவிட்டது.

இவ்விதம் ஏழாம் முறையாகக் குளிரக் குளிரத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர், பெருந்தராசு என்ற பட்டம் தாங்கிய ஆட்சித் தலைவர். அவர்முன் தர்ம அமைச்சர் தில்லைநாயகம் பணிந்து நின்றார்.

"நாட்டில் தனியார் சோறு போடுகிறார்கள், மாண்புமிகு பெருந்தராசு அவர்களே. பிள்ளைகள் அந்த மிளகாய் வியாபாரியைத்தான் வாழ்த்துகின்றன."

"பிள்ளைகளுக்கு வாக்கு கிடையாதே?"

"இப்போது கிடையாது."

"பிறகு?"

"சோறு போட்டால் வளர்ந்துவிடுவார்கள் ஐயா. அதுதான் கவலை."

முதல் ஆணை பிறந்தது. தர்மம் புனிதமானது, ஆகவே அதை அரசு மட்டுமே செய்யும். வியாபாரிகள் அரிசியை அமைச்சகத்தில் ஒப்படைக்கலாம். அதை விட்டுத் தாமே அடுப்பு மூட்டுவது கள்ள தர்மம். பெத்தண்ணனின் அண்டாவுக்கு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது.

கொடுத்தவர்கள் சந்தைக்காரர்கள் அல்லவா, கேட்டார்கள்: "எங்க அரிசி என்ன ஆச்சு?" நியாயமான கேள்வி. அமைச்சகம் நாட்டு வழக்கப்படி விடை சொன்னது. பள்ளிக்கு ஒரு மாதிரிப் பிள்ளை. பௌர்ணமிதோறும் அதை எடைபோட்டு, எடையைச் சந்தையில் அறிவிப்பார்கள். ஆண்டுக்கொரு நாள் கொடையாளர்கள் நேரில் வந்து மாதிரியைப் பார்வையிடலாம். பிள்ளை தேறியிருந்தால் பள்ளி தேறியது. கொடையாளர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தானே எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறார்கள்.

எடை போடுவது ஒரு பிள்ளையைத்தான் என்றான பிறகு மற்றப் பிள்ளைகளுக்குப் பருப்பு எதற்கு என்று அமைச்சகத்தில் யாருக்கோ தோன்றியது. பருப்பு நின்றது. பிறகு சோறு கஞ்சியாயிற்று. கஞ்சி, கஞ்சித் தண்ணீராயிற்று. கடைசியில், மாதிரி உண்பதைச் சுற்றி அமர்ந்து பார்ப்பதே ஒரு பாடம் என்று ஆணை வந்தது. நெய்ச் சோறு, இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம். மாதிரி சாப்பிடும், பள்ளி பார்க்கும். மிச்சமான அரிசி எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை. மாதிரி குண்டாகத்தானே இருக்கிறது?

உமிமேட்டுப் பள்ளியின் மாதிரி செவந்தி, ஒன்பது வயது. தாய் ராக்கு, சந்தை மூடியபின் தரையில் சிந்திய தானியத்தைப் பெருக்கிப் புடைத்து விற்பவள். தம்பி மாரப்பனுக்கு ஐந்து வயது. அவனும் அதே பள்ளிதான். வட்டத்தில் அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து பாடம் படித்தான்.

செவந்தி விழுங்காமல் வாயில் அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். கை கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போவாள். தம்பி பின்னாலேயே வருவான். குருவி குஞ்சுக்கு ஊட்டுகிற மாதிரி அவன் வாயில் தள்ளிவிடுவாள். முட்டையைப் பாவாடைச் சுருக்கில் கொண்டுவருவாள். சில நாளில் இன்னும் மூன்று நான்கு பேர் கிணற்றடியில் நிற்கத் தொடங்கினார்கள். "ஆளுக்கு ஒரு கடிதான். என் விரல்ல பல்லு பட்டுச்சு, நாளைக்குக் கிடையாது," என்று அதட்டுவாள்.

பௌர்ணமி எடையில் அவள் இறங்கினாள். அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் இறங்கினாள். தில்லைநாயகம் நேரில் விசாரணைக்கு வந்தார்.

"மாதிரியே, உன் எடை ஏன் குறைந்தது?"

"எம் பேரு செவந்திங்க."

"கேட்டதற்குப் பதில்."

"தம்பிக்குக் குடுத்தேன். எல்லாத்தையும் இல்லிங்க, பாதிதான்."

அமைச்சர் கண்களை மூடி வேதனையைப் பொறுத்துக்கொண்டார். "குழந்தாய், அது உன் சோறு அல்ல. இந்தப் பள்ளியில் மற்ற அறுபது பேருக்கும் பதிலாக நீ உண்ண வேண்டிய சோறு. அத்தனை பேர் பசியையும் நம்பி உன்னிடம் ஒப்படைத்தது அரசு. நீயோ அதை எடுத்துப்போய்ப் பசித்தவன் ஒருவனிடம் கொடுத்திருக்கிறாய்."

"அவனுக்குத்தானேங்க பசிக்குது."

குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று எழுத்தர் எழுதிக்கொண்டார்.

ராக்கு முன்னால் வந்தாள். "ஐயா, அவளுக்கு நெய் வேணாம். முட்டையும் வேணாம். அந்தக் காசுக்குச் சின்னவனுக்கு ஒரு கரண்டி கஞ்சி ஊத்துங்க. கணக்குப் பாத்தா உங்களுக்குத்தான் மிச்சம்."

"அம்மா, பேரம் பேச இது சந்தை அல்ல."

"இந்த நாட்டுல எது சாமி சந்தை இல்ல? நான் வந்தா மட்டும் கடைய மூடுறீங்களே!"

"ஒரு பள்ளிக்கு ஒரு மாதிரி. சட்டம்."

"அப்ப சின்னவன மாதிரியா வெச்சுக்கங்க. இவ பெரியவ, தாங்குவா."

அமைச்சர் எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார். எழுத்தர் மாரப்பனின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதைத் தேற்ற ஆறு மாதம் ஆகும் ஐயா. கொடையாளர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள்."

அப்படியாக, விழுங்கல் கண்காணிப்பாளர் என்றொரு பதவி உருவாயிற்று. ஒவ்வொரு கவளத்துக்கும் செவந்தியின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்துக்குள் விரல்விட்டுப் பார்ப்பது அவர் வேலை. நல்ல சம்பளம். அந்தச் சம்பளத்துக்காக வாழைப்பழம் நிறுத்தப்பட்டது.

இரண்டு நாள் விழுங்கினாள். மூன்றாம் நாள் மாரப்பன் வட்டத்தில் உட்கார முடியாமல் சுவரோரம் படுத்துவிட்டான். செவந்தி வாயை மூடிக்கொண்டாள்.

"திற."

"அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். அப்படின்னாத்தான் திறப்பேன்."

கண்காணிப்பாளர் விதிகளைப் புரட்டினார். விழுங்குவதைப் பார்க்க விதி இருந்தது; விழுங்கவைக்க விதி இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வருவதற்குள் கொடையாளர்கள் வந்துவிட்டார்கள்.

வாசலிலேயே பெத்தண்ணனிடமிருந்து ஒரு பொட்டலம் பொரி பறிமுதல் செய்யப்பட்டது. மற்றவர்கள் செவந்தியைச் சுற்றி நின்றார்கள். ஏலக்காய் மண்டி வேதமூர்த்தி அவளுடைய நகத்தைத் திருப்பிப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், தராசில் ஏற்றி இறக்கினார்.

"என்னங்க இது, சரக்கு இறங்கிப் போச்சு? ஒரு வருசமா அரிசி குடுத்திருக்கோம்."

"ஏய்யா, குத்தூசியத் தூரப் போட்டுட்டு மூட்டைய அவுத்துப் பாருங்கய்யா!" என்றார் பெத்தண்ணன். "பின்னால அறுபது பிள்ளை உக்காந்திருக்கு. போட்ட சோறு எங்கன்னு அதுகளைக் கேளுங்க."

வேதமூர்த்தி பதறிப்போனார். "அண்ணாச்சி, நீங்களே இப்படிப் பேசலாமா? மாதிரி பாத்ததுக்கு அப்புறம் மூட்டைய அவுக்கிறது குடுத்தவன அவமானப்படுத்துறதாச்சே. நாளைக்கு நம்ம கடையில வந்து எவனாவது அவுத்துப் பாத்தா?"

மற்ற மண்டிக்காரர்கள் தத்தம் மூட்டைகளை நினைத்துக்கொண்டு வேதமூர்த்தியின் பக்கம் நகர்ந்துகொண்டார்கள். பெத்தண்ணன் சுவரோரம் போய் மாரப்பனைத் தூக்கி வந்தார். தூக்கும்போது அவர் கை, எதிர்பார்த்த கனம் இல்லாமல் சடக்கென்று மேலே போயிற்று.

"இதையும் ஒரு தடவ தராசுல போடுங்க."

"மாதிரி அல்லாதவற்றை எடைபோட விதியில்லை," என்றார் தில்லைநாயகம்.

மாதிரி தேறவில்லையென்றால் மொத்தச் சரக்கும் கழிவு. இதுவும் நாட்டு வழக்கம். சோறு போட்டும் தேறாத பிள்ளைகள் என்று தீர்ப்பாகி உமிமேட்டுப் பள்ளி மூடப்பட்டது. வாசலில் பெத்தண்ணன் பறிமுதலுக்கு அபராதமும் கட்டிவிட்டு, பொரி வாங்க மறுபடியும் சந்தைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது ராக்குவின் மடியில் இருந்த பிள்ளைக்குப் பொரி தேவைப்படவில்லை.

அமைச்சரவை கூடியது, மாரப்பனுக்காக அல்ல. மற்ற ஊர்களிலும் மாதிரிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. பெருந்தராசு பேசினார்.

"குறை அரிசியில் இல்லை, அமைச்சரே. பிள்ளைகள் நம்பத்தகுந்த சரக்கு அல்ல. கண்ணை மூடித் திறப்பதற்குள் பகிர்ந்துவிடுகிறார்கள். பகிராமல் உண்ணக்கூடிய, எதைக் கண்டாலும் மனம் தளராத ஒருவர் வேண்டும்."

"நாட்டில் அப்படிப்பட்டவர்..." என்று இழுத்தார் தில்லைநாயகம்.

"நானே அந்தப் பாரத்தைச் சுமக்கிறேன்."

அவையில் சிலர் அழுதார்கள். அன்று முதல் களஞ்சியபுரிப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே மாதிரிப் பிள்ளையாகப் பெருந்தராசு அமர்ந்தார். தர்ம அரிசி முழுவதும் நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போயிற்று; மாதிரி இல்லாத பள்ளிகளுக்கெல்லாம் பூட்டு விழுந்தது. பௌர்ணமிதோறும் அவர் தராசில் ஏறினார்; எடை கூடியதும் ஊர்தோறும் வெடி வெடித்தது; கொடையாளர்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பூட்டிய பள்ளிகளின் கதவில் அவருடைய புதிய எடையை எழுதிவிட்டுப் போனார்கள். செவந்தி தாயுடன் சந்தைத் தரையைப் பெருக்கப் போனாள்.

மூடிய பள்ளிகளின் தளவாடங்களைத் திரும்பப் பெற எழுத்தர் உமிமேட்டுக்கு வந்து, சந்தையில் பெருக்கிக்கொண்டிருந்த ராக்குவின் முன் நின்றார்.

"உன் மகன் பெயரில் ஒரு தட்டு இருக்கிறது."

"அவன்கிட்டதாங்க இருக்கு," என்றாள் ராக்கு.

"அவனைக் கூப்பிடு."

ராக்கு பெருக்குவதை நிறுத்தவில்லை. செவந்திதான் சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "குழிக்குள்ள வெச்சிட்டோம். போற இடத்துலயாச்சும் போடுவாங்கல்ல?"

எழுத்தர் குறித்துக்கொண்டு போனார். ஆண்டுக் கணக்கு சந்தைத் தூணில் ஒட்டப்பட்டது. களஞ்சியபுரியின் வரலாற்றில் இவ்வளவு சுத்தமான கணக்கு வந்ததில்லை என்று படிக்கத் தெரிந்தவர்கள் சொன்னார்கள்:

தர்ம அரிசி வரவு, மூட்டை 9,400. மாதிரிக்குச் செலவு, மூட்டை 9,400. மீதி இல்லை.

பிள்ளைகளின் பசி, சென்ற ஆண்டு இருப்பு: கணக்கில் இல்லை. இவ்வாண்டு இருப்பு: கணக்கில் இல்லை. வித்தியாசம் இல்லை.

உமிமேட்டுப் பள்ளிக்குக் கொடுத்த தகரத் தட்டு, 60. திரும்பியது, 59. பாக்கி ஒன்று, பெருக்குகிற ராக்குவின் பேரில் பற்று.