ராங்கெலுக்குக் கிடைக்காத பாறையேறி

இந்த இலையுதிர் காலத்தில் பாறையேறிப் பறவையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ராங்கெல் முடிவு செய்தார். அந்த முடிவுக்குப் பறவை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, முற்றத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்த சிவப்புக் குடமிளகாய்.

குளிர்காலத் தொக்குக்காக அத்தனையையும் சுட்டு, தோலுரித்து, அரைத்துப் புட்டியில் அடைக்க வேண்டும். பல்கேரியாவின் ரோடோப்பி மலையில் பிறந்த ஆம்பிளை எவனும் இதிலிருந்து தப்பியதாகச் சரித்திரம் இல்லை. ராங்கெல் தப்பப் பார்த்தார், அவ்வளவுதான்.

பறவை விஷயம் பொய்யில்லை. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், சாம்பல் நிறம். செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஏறும். சிறகை விரித்தால் உள்ளே செக்கச்செவேல். அதைப் பார்க்கவே சோஃபியாவிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி சனிக்கிழமை வருகிறார்கள். "வாங்க, கட்டாயம் காட்டிடலாம்" என்று போனில் வாயைக் கொடுத்தாயிற்று. காட்டாவிட்டால், வாடகைக்கு விடும் மாடி அறைக்கு இனிமேல் ஒருத்தரும் வரமாட்டார். வழிகாட்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட பேரும் போய்விடும்.

"பறவையத் தேடிட்டு வரேன், வேலிகா" என்றார் மனைவியிடம், பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.

"தோலுரிக்க ஆள் வேணுமே?"

"இது குடும்ப மானம்."

"மானம் எப்ப வீடு திரும்பும்?"

"இருட்டறதுக்குள்ள வந்துரும்."

மானம் நேராகப் போய்ச் சேர்ந்த இடம், ஆறு ஓடும் மலையிடுக்கின் வாயிலில் இருந்த சாராயக் கொட்டகை. அது பிளம் பழச் சாராயம் காய்ச்சும் காலம். ஊருக்கு ஒரே கொப்பரை, தினம் ஒரு வீட்டுக்காரர் முறை. வந்தவர்களுக்குப் புதுச் சரக்கை ஊற்றிக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது அங்கே வழக்கம். ராங்கெல் தினமும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தாராளமாக அபிப்பிராயம் சொன்னார்.

சாயங்காலம் வேலிகா கேட்பாள், "கிடைச்சுதா?"

"இன்னிக்குக் காத்து சரியில்ல."

"ஆமாமா. உங்க மேல அடிக்கிற காத்துல பிளம் வாசனை வருது."

புதன்கிழமைதான் அவருக்கு, சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள் என்று உறைத்தது. உண்மையாகவே மேலே ஏறி இறங்கினார். ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை. வாடிய முகத்தோடு வந்து நின்றவரை வேலிகா ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் பாத்தேங்க, அந்தப் பறவைய."

"எங்க?"

"உக்காந்து உரிங்க. மூட்டைக்கு ஒரு துப்பு சொல்றேன்."

வேறு வழி? உட்கார்ந்தார். முதல் மூட்டை முடிந்தது.

"ஆத்துக்கு நம்ம பக்கம்தான்."

"இது ஒரு துப்பா?"

"மூட்டை சின்னது."

வியாழக்கிழமை இன்னொன்று. "மத்தியானம் வெயில் படற பாறை." வெள்ளிக்கிழமை பெரிய மூட்டை. "கீழ மனுஷங்க கூட்டமா இருந்தாலும் அதுக்குப் பயம் இல்ல."

"அங்க யாரு கூட்டம் போடறது?"

"வேலைவெட்டி இல்லாதவங்க."

யாராக இருக்கும் என்று ராங்கெல் ரொம்ப நேரம் யோசித்தார். பிடிபடவில்லை.

சனிக்கிழமை டாக்டர் தம்பதி வந்தபோது கடைசி மூட்டையும் தீர்ந்திருந்தது. வேலிகா கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். நேராகச் சாராயக் கொட்டகை வாசலில் போய் நின்றாள். ராங்கெல் டாக்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். அவள் பெஞ்சுக்குப் பின்னால் எழுந்து நின்ற பாறையைக் காட்டினாள். அங்கே ஒரு சாம்பல் துணுக்கு தாவித் தாவி ஏறியது. சட்டென்று சிறகை விரித்தது. டாக்டர் மனைவியின் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கிசுகிசுத்தார் ராங்கெல்.

"உங்களத் தேடி வந்தேன். நீங்க அதுக்கு முதுகக் காட்டிட்டு, கோப்பையோட உக்காந்திருந்தீங்க. சரி, ரெண்டு பேரையும் கலைக்க வேணாம்னு திரும்பிட்டேன்."

டாக்டரம்மா வேலிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள மாதிரி வழிகாட்டி கிடைக்கணுமே! அடுத்த வருஷம் எங்க சிநேகிதங்க எல்லாரையும் உங்ககிட்டதான் அனுப்புவேன்."

பிறகு ராங்கெலின் சிவந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "சமையல் நீங்கதானே? தொக்குல எங்களுக்கும் ரெண்டு புட்டி எடுத்து வைங்க" என்றார்.