நடுங்கினால் மட்டும் சீனி

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அமீன் அவர்களுக்கு,

கோபாலபுரத்திலிருந்து காதர் ஸலாம் சொல்லி எழுதுவது. ஆம்பூரில் நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்காமல் அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது என்பது உங்கள் அக்காவின் உத்தரவு. போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்பீக்கரில் போட்டால்தான் என்னைப் பேச விடுகிறாள். அதனால்தான் தபால்.

கண்ணாடிக் கடையை மகன் உபைத் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்த நேரத்தில் எனக்குச் சர்க்கரை வந்தது உங்களுக்குத் தெரிந்ததே. டாக்டர் லாவண்யா தங்கமான பெண். "இது போகாது பாய், ஆனா இதோட நல்லாவே வாழலாம்" என்றார். என் காதில் 'வாழலாம்' விழுந்தது. உங்கள் அக்கா கைசர் ஜஹான் காதில் 'போகாது' மட்டும் விழுந்தது. அன்று பிடித்தது இந்தக் கெடுபிடி. சோறு ஒரு கரண்டி, அதுவும் கரண்டியை மாற்றி, சின்னதாக. பிரியாணி என்றால் கறி என் தட்டில், அரிசி உபைத் தட்டில். மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் காலை நீட்டச் சொல்லி, செல்போன் லைட்டை அடித்து, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்ப்பாள். காலமெல்லாம் லென்ஸில் கீறல் தேடியவன் நான். இப்போ என் பாதத்துல ஒருத்தி கீறல் தேடுறா. இதெல்லாம் டாக்டர் சொன்னதுதான், தப்பில்ல. ஆனா டாக்டர் சொல்லாத ஒண்ணையும் செஞ்சா. தெருத்தெருவா போயி, டீக்கடை, பேக்கரி, பழக்கடை எல்லாத்துலயும், எங்க வீட்டுக்காரருக்குச் சுகர், இனிப்பு குடுத்தீங்கன்னா நான் வந்து கேப்பேன்னு சொல்லி வச்சுட்டா.

போன வாரம் நடந்ததைக் கேளுங்க. டாக்டர் புதுசா ஒரு மாத்திரை எழுதியிருந்தாங்க. இதைப் போட்டா கட்டாயம் சாப்பிடணும், கை நடுங்கி வேர்த்தா சர்க்கரை இறங்குதுன்னு அர்த்தம், உடனே இனிப்பு எடுத்துக்கணும்னு ரெண்டு பேருக்கும் விளக்கிச் சொன்னாங்க. மறுநாள் காலையில, சாப்பிட்டப்புறம் எடுக்குற டெஸ்ட். நான் ஒரு கணக்குப் போட்டேன். மாத்திரையைப் போட்டுட்டு, சாப்பிடாம, நல்லா நடந்துட்டுப் போனா ரிப்போர்ட் அழகா வரும், வீட்டுல கொஞ்சம் மரியாதை கிடைக்கும். இட்லியைக் காக்காய்க்கு வச்சுட்டுக் கிளம்பினேன். லாயிட்ஸ் ரோடு முனை வரைக்கும் முட்டி வலியையும் மறந்து ராஜா மாதிரிதான் நடந்தேன். அப்புறம் முதுகெல்லாம் வேர்வை. கை நடுங்குது. எதிர்ல வர்ற பஸ் நம்பர் ரெண்டு ரெண்டா தெரியுது. நமக்குத் தெரிஞ்ச செம்பியன் டீக்கடைதான் பக்கத்துல இருந்துச்சு. உள்ள போயி, செம்பியா, ஒரு கை சீனி குடுப்பான்னு கேட்டேன்.

அவன் சிரிக்கிறான். "இன்னா நைனா, காலைலயே கெளம்பிட்டியா? அம்மா இன்னா சொல்லிக்கீது தெரியும்ல?" அப்படின்னு சொல்லி, சீனி இல்லாத டீயைப் போட்டு நீட்டுறான். எனக்கு நாக்கு குழறுது. சர்க்கரை இறங்கிடுச்சுன்னு சொல்றேன், அவனுக்கு ஏறிடுச்சுன்னு கேக்குது போல. ஏறினா எதுக்குப்பா இனிப்புன்னு நியாயமாத்தான் கேக்குறான். பக்கத்து பேக்கரி மணிமொழிகிட்ட கையை நீட்டினா, அந்தப் பொண்ணு பன்னு கண்ணாடியைச் சாத்துது. அதுக்குள்ள டீ குடிச்சுக்கிட்டு இருந்த ஒருத்தர், பெரியவர் காலைலயே போட்டுட்டு வந்துட்டார்னு சொல்றார். அஞ்சு வேளை தொழுறவனைப் பார்த்து. பதில் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், அப்படியே பெஞ்சு ஓரமா தரையில உக்காந்துட்டேன்.

பயந்துபோன செம்பியன் உங்க அக்காவுக்கு போன் போட்டான். இந்தப் பக்கமும் ஸ்பீக்கர்தான். அவ என்னைத் திட்டப்போறான்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவ திட்டல.

"வேர்க்குதா அவருக்கு?"

"சட்டை தொப்பலா கீதும்மா."

"தண்ணில நாலு ஸ்பூன் சீனி கரைச்சுக் குடு. இப்பவே. நான் வர்றேன்."

அவன் கரைச்சுக் குடுத்தான். உலகம் மெதுவா ஒண்ணாச்சு. அதுக்குள்ள கைசர் ஜஹான் வந்துட்டா, மச்சான். வீட்டைப் பூட்டல. கால்ல ஒண்ணு அவ செருப்பு, ஒண்ணு உபைத் செருப்பு. மூச்சு வாங்கிக்கிட்டு என் நெத்தியைத் துடைச்சா. இட்லி எங்கன்னு கேட்டா. காக்கான்னு சொன்னேன். அப்பவும் திட்டல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

இப்போ என் எல்லாச் சட்டைப் பையிலயும் குளுக்கோஸ் பொட்டலம், கூடவே ஒரு சீட்டு: "இவர் குடித்தவர் அல்ல. சர்க்கரை நோயாளி. நடுங்கினால் சீனி கொடுக்கவும். நடுங்காவிட்டால் எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம்." செம்பியன்கிட்டயும் அதைப் படிச்சுக் காட்டிட்டா. நான் கடைக்குள்ள நுழைஞ்சாலே, கையை நீட்டு நைனான்றான். நீட்டினா உத்துப் பாக்குறான். ஒரு மனுஷன் இப்படி எத்தனை நாள் நடமாடுறது?

ஆகவே மச்சான், தாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை அவசியம் சென்னைக்கு வந்து, தங்கள் அக்காவுக்கு என் சார்பில் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லவேண்டும். தம்பி பேச்சை அவள் கேட்பாள். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் எல்லோர் ஆயுளிலும் ஆரோக்கியத்திலும் இறைவன் பரக்கத் செய்வானாக.

தங்கள் அன்பு மச்சான்,
காதர்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு விஷயம். வீட்டுல மத்தவங்களும் பரிசோதிச்சுக்கறது நல்லதுன்னு டாக்டர் சொன்னதால, எனக்குத் துணையா உங்க அக்காவும் ரத்தம் குடுத்தா. சற்று முன்னால் ரிப்போர்ட் வந்தது. அவளுக்கும் இருக்கு, என்னைவிடக் கூடுதலா. லேப்காரன் மாத்திட்டான்னு சொன்னா. அப்புறம் பூண்டு உரிச்சுக்கிட்டே இருந்தா, தேவைக்கு மேலயே உரிச்சுட்டா. நான் பக்கத்துல போயி உக்காந்தேன். உரிச்ச தோலை ஒதுக்கிக்கிட்டே, "எனக்கு அந்த மாதிரி ஆனா நீங்க ஓடி வருவீங்களா, இந்த முட்டியோட?"ன்னு கேட்டா. வருவேன்னு சொன்னேன். முட்டியைப் பார்த்துச் சிரிச்சா, மச்சான், கண்ணுல தண்ணி. மேலே எழுதினது எதையும் மனசுல வச்சுக்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பா வாங்க, ஆனா என் சார்பா ஒரு வார்த்தையும் பேச வேணாம். அவ பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க, போதும்.