ஹிசாப்பு சேரும் ஒரு கிடாரம் சீனிச் சம்பலும்

பரிசோதனை நாள் காலை எங்கள் சம்பல் தொழிற்சாலையில் இருந்தவர்கள்: முதலாளி ஹாஜியார், அடுப்படிக்குப் பொறுப்பான, எல்லோருக்கும் அக்காவான நஸீமா ராத்தா, போத்தல் நிரப்பும் பெண்கள், கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர், பதிவுக் கோப்புகளைக் கட்டிப்பிடித்தபடி, அவற்றை எழுதும் நான். இல்லாதவர் ஒருவர்தான், எங்களைப் பழக்கிய மாஸ்டர் ஹிசாப்பு சேர். அவர் இல்லாததே எங்களுக்குப் பயமாக இருந்தது. கிழக்குக் கரையில் பொத்துவில் தொடங்கிக் கல்முனை வரை, கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இவ்வளவு பயந்த மனிதர் வேறு யாரும் பிறந்ததில்லை. கிருமிகளும் அவருக்குப் பயந்ததுபோல வேறு யாருக்கும் பயந்ததில்லை.

சேர் விநாயகபுரத்துக்காரர், எங்களைப்போல முஸ்லிம் அல்ல. உணவு செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போய், உணவுப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்த ஆட்களைப் பழக்குவது அவர் தொழில். வெங்காயமும் சீனியும் வதக்கிச் செய்யும் எங்கள் சீனிச் சம்பலை வாங்க வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவர் தயாராக இருந்தார். ஆனால் அந்தத் திட்டம் பரிசோதனையில் தேறவேண்டும். தேறாவிட்டால் ஓடர் இல்லை. ஓடர் இல்லாவிட்டால் அடுப்பு இரண்டில் ஒன்று அணையும். அணையப்போகும் அடுப்பு தன்னுடையது என்று நஸீமா ராத்தாவுக்குத் தெரியும். அவர் பாஸ்போட்டைக் குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கொடுத்து வைத்திருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

சேர் முதல் நாள் வந்திறங்கியபோது ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே தலைமுடி வலை. வலைக்குள்ளே முடி ஒன்றுகூட இல்லை, தேங்காய்போல வழுக்கை. கடைத்தெருவுக்கும் அதோடுதான் போவார், வங்கிக்கும் அதோடுதான். நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"வலை போடு எண்டுதான் தம்பி சட்டம். முடி இருந்தாப் போடு எண்டு இல்ல."

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் வெப்பமானி வைத்திருந்தார். ஹாஜியாரின் மகள் கலியாணத்துக்கு அவரையும் அழைத்திருந்தோம். ஆறு பேர் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து கைகழுவி, பிரியாணியில் கை வைக்கப் போகும் நேரம், சேர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். வெப்பமானியைத் துடைத்தார், சோற்றுக்குள் குத்தினார், காத்திருந்தார். பள்ளிவாசல் தலைவரும் காத்திருந்தார். "அறுபத்தஞ்சு," என்றார் சேர். "இப்ப பிஸ்மில் சொல்லலாம்." பந்தலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, சாப்பிட்டார்.

ஹிசாப்பு சேர் என்ற பெயர் வந்த கதை வேறு. அந்தத் திட்டத்துக்கு உலகம் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் 'ஹசப்'. முதல் வகுப்பில், பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த பெண்களிடம் சேர் புரொஜெக்டரைப் போட்டுக் கணீரென்று சொன்னார்: "ஹசப் வருது. ஆரும் தப்பேலாது. நீங்க செய்யிற ஒவ்வொண்டும் எழுத்தில இருக்கும். கேக்கிற நேரம் வாய் திறந்து பதில் சொல்ல வேணும்."

பெண்கள் காதில் விழுந்தது 'ஹிசாப்'. மறுமை நாளில் இறைவன் முன்னால் ஒவ்வொருவரும் ஒப்புவிக்கவேண்டிய கணக்கு. அவர் சொன்ன அடையாளமெல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியும் இருந்தது. மண்டபம் வெளிறிப்போனது. மறுநாள் காலையில், ஓர் ஆட்டுச் சண்டையால் நெடுநாள் கதைக்காமல் இருந்த இரண்டு பேர் கட்டிப்பிடித்து மாப்புக் கேட்டுக்கொண்டார்கள். காணாமல்போன எவர்சில்வர் அகப்பைகள் எல்லாம் தானாகவே இடத்துக்கு வந்திருந்தன. ஹாஜியார்கூட அன்று யாரையும் ஏசவில்லை.

என்ன நடக்கிறதென்று சேர் என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவன் என்பதால் விளக்கம் சொல்லும் வேலையெல்லாம் எனக்குத்தான் வரும். சொன்னேன். சேர் போய்ப் புரொஜெக்டரை அணைத்தார். அதற்குப் பிறகு அதைப் போடவே இல்லை.

"நல்ல சொல்லு," என்றார் பெண்களிடம். "அதையே வச்சிருங்க. பிறகு திருத்த ஏலாத இடம் எதுவோ, அதுதான் ஹிசாப்பு இடம்."

வெங்காயம் கழுவுவதில் பிழை விட்டால் திரும்பக் கழுவலாம். வதக்குவதில் குறை இருந்தால் இன்னும் வதக்கலாம். ஆனால் போத்தலில் ஊற்றி மூடிவிட்டால் முடிந்தது. ஆகவே எங்கள் ஹிசாப்பு இடம், போத்தல் நிரப்பும் இடம். சம்பல் அங்கே எண்பத்தைந்து பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கொட்டவேண்டும். மறுபடி சூடேற்றினால் சீனி கருகிக் கசக்கும் என்பதால், கொட்டுவதென்றே திட்டத்தில் எழுதினோம். எழுதிய நாளில் ஹாஜியார் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

பரிசோதனை நாளில் சேரை வரச்சொல்லிக் கெஞ்சினோம். சோதனை எழுதும் மண்டபத்துக்குள் மாஸ்டருக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு, தெருவுக்கு அப்பால் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் நன்றாகப் போனது. கடைசிக் கிடாரத்துச் சம்பல் கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரத்தின் வாய்க்குள் இறங்கியது. போத்தல்கள் நிரம்பத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

ஜெனரேட்டர் இருமியது, அடங்கியது, மறுபடி இருமியது. அது ஒருவழியாக ஓடத் தொடங்கியபோது நஸீமா ராத்தா வெப்பமானியைச் சம்பலுக்குள் இறக்கினார். பரிசோதகர் பக்கத்திலேயே நின்றார்.

"எண்பத்திரெண்டு," என்றார் ராத்தா.

ஹாஜியார் அவர் காதருகே குனிந்தார். அவருடைய இரகசியக் குரல் எப்போதும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். "மூணு பாகைதானே மகள். ஊத்துங்க."

பரிசோதகருக்கு முன்னால் கொட்டினால் ஓடர் போய்விடும் என்றுதான் ராத்தா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் ராத்தா வெப்பமானியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"ஹாஜியார், ஹிசாப்பு உங்களுக்கும் இரிக்கி."

ஹாஜியார் கூரையைப் பார்த்தார், கிடாரத்தைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். "கொட்டுற எண்டா ஒழுங்காக் கொட்டுவம்," என்று கிடாரத்தின் ஒரு பக்கத்துக் காதைத் தானே பிடித்தார். மறுகாதை ராத்தா பிடித்தார். இயந்திரத்தில் இருந்ததும் நிரப்பிய போத்தல்களும் அதோடு போயின.

அந்தப் பெண் என்ன சொன்னார் என்று பரிசோதகர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். விதி முதலாளிக்கும் சேர்த்துத்தான் என்கிறார், என்றேன். அவர் தன் பதிவுக் கோப்பை மூடினார். தான் போகும் இடமெல்லாம் தாள்கள் அழகாகத்தான் இருக்கும், விதிப்படி ஒருவர் கொட்டுவதைக் கண்ணால் பார்க்கத்தான் கிடைப்பதில்லை என்றார். தேறிவிட்டீர்கள் என்று சொல்லிக் கை கொடுத்தார், முதலில் ராத்தாவுக்கு. ராத்தா கையுறையைக் காட்டி மறுத்துவிட்டார். அதற்கும் பரிசோதகர் தலையாட்டினார். அந்தக் கிழமையே ராத்தாவின் பாஸ்போட் ஏஜென்சியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் தெருவைக் கடந்து ஓடினேன். தேறிவிட்டோம் என்று கத்தினேன். அது சேரின் காதில் ஏறவே இல்லை. கரண்ட் போனதே, சம்பலை என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்.

"கொட்டிட்டம் சேர்."

"எல்லாத்தையுமா?"

"ஓம் சேர். எல்லாத்தையும்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

வெங்காயம், மாசிக் கருவாடு, சீனி, எண்ணெய், காஸ், போத்தல் எல்லாவற்றையும் ஹாஜியார் அன்று பின்னேரம் கூட்டிப் பார்த்தார். இன்றைக்கும் அந்தத் தொகையைக் கலியாண வீடுகளில் பெருமையாகச் சொல்லித் திரிகிறார். ஹிசாப்பு சேரை ஒருமுறை சந்தோஷத்தில் அழவைக்க எங்களுக்கு ஆன செலவு, அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.