அரை மணித்தியால அருவி

ஷரீப் தன் வருங்கால மாமனார் குடும்பத்தை நேராக ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் விட்டிருந்தான்.

உள்ளே நின்ற பசு நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. பிழை யாருடையது என்று தெரிந்ததுபோல அவன் முகத்தில் வந்து கண்ணை நிறுத்தியது.

“இது குறுக்குப் பாதை, மாமா.”

அவன் தலையில் ஆறு பேருக்கான சஹன் சோறு. பொலித்தீன் சுற்றிய பெரிய வட்டத் தட்டு. நானே சுமப்பேன் என்று அடம்பிடித்ததும் அவன்தான்.

“அப்ப நடங்க, மகன்,” என்றார் நபீஸ் ஹாஜியார். அவர் மனைவி லுத்பியாவும் மகள் றுஷ்னாவும் பின்னால் நின்றார்கள்.

போன மாசம் கல்கிசையில் இருக்கும் ஹாஜியார் வீட்டுக்கு, றுஷ்னாவைப் பெண் கேட்டுப் போயிருந்தான். தேத்தண்ணி முடிந்தும் பேச்சு தொடங்கவில்லை. அமைதி தாங்காமல், சுவரில் தொங்கிய அருவிப் படத்தைக் காட்டி, “அந்த அருவிக்கு மூணு தரம் போயிருக்கேன். லேசான பாதை, அரை மணித்தியாலம்தான்” என்று அவிழ்த்துவிட்டான். பார்த்தது யூடியூபில். வெள்ளவத்தையில் போன் கடை வைத்திருப்பவனுக்குக் காடு ஏது?

அதுவரை விறைப்பாக இருந்த ஹாஜியார் எழுந்துவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் எங்கள கூட்டிட்டுப் போகணும். முடிவ அங்க வெச்சுச் செல்றேன்.”

இப்போது நடக்கத் தொடங்கி ஒன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது.

போனைத் தட்டினான், சிக்னல் இல்லை. குத்துமதிப்பாக இடப் பக்கம் திரும்பினான். முழங்கால் வரை சேறு. சேற்றுக்குப் பயந்து எல்லோரையும் புல்லில் ஏற்றினான். ஹாஜியாரின் காலில் அட்டை.

“உப்புப் போட்டா விழுந்துடும், மாமா!”

உப்பு இல்லை. சஹனுக்குள் கையை விட்டு, உப்பில் ஊறிய அச்சாறை அள்ளி அப்பினான். அட்டை விழுந்தது. ஆனால் கடிவாயில் அச்சாறின் கொச்சிக்காய்க் காரம் இறங்கியதும் ஹாஜியார் ஒற்றைக்காலில் பக்கத்து மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“வாப்பா இப்படித் துள்ளி நான் கண்டதே இல்ல,” என்றாள் றுஷ்னா. சிரிக்கிறாளா, கோபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

“தண்ணிச் சத்தம் கேக்குதா? அதுதான் அருவி!” என்று முன்னால் ஓடினான்.

மரங்களைத் தாண்டினால் தார் ரோடு. அங்கே ஒருவர் ஹோஸ் பைப்பால் லொறி கழுவிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் நெடுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்தார்.

“கொஞ்சம் சின்னதா ஈக்கே, மகன்.”

ஷரீப் சஹனை இறக்கி வைத்தான். கழுத்து நிமிர மறுத்தது.

“மாமா, நான் பொய்தான் சொன்னேன். இந்தப் பக்கம் வந்ததே இல்ல. றுஷ்னாவத் தரமாட்டீங்கண்டா இப்பவே செல்லிடுங்க.”

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றித் தட்டினார். திருட்டு முழியோடு மனைவியைப் பார்த்தார்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத லுத்பியா, ரோட்டோரம் பாயை விரித்து, பொலித்தீனை அவிழ்த்தார்.

“கையக் கழுவிட்டு இரிங்க, மருமகன். எனக்கு அந்த அருவியக் காட்டுறேண்டு செல்லித்தான் இவரும் என்னைக் கலியாணம் முடிச்சாரு. இருபத்தாறு வருஷமா கூட்டிட்டு வாறாரு, அருவிய நான் இன்னும் கண்டதில்ல. இந்த ரோட்டுக்கு வந்து சேரவே இவருக்கு மூணு மணித்தியாலம் எடுக்கும்.”