அரை மணி பழைய ஸ்பேட் ராணி

பென்னலூர்,
ஞாயிறு மாலை.

வாலாஜாபாத் மாப்பிள்ளை பலராமன் அவர்களுக்கு,

ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், போதும். என் தங்கை இசைவாணியின் நலம் அறிய ஆவல். உங்கள் நலம் அவள் மூலம் அவ்வப்போது தெரியவருவதால் தனியாக விசாரிக்கவில்லை.

இன்று மதியம் நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்கள், மூன்று முறையும் நான் கட் செய்தேன். காரணம் சொல்லும் கடமை எனக்கு இல்லை என்றாலும் சொல்கிறேன்.

உங்கள் மகள் கவியா இந்திய ஜூனியர் பிரிட்ஜ் அணியோடு இத்தாலிக்குப் போயிருப்பது தாய்மாமனான எனக்குத் தெரியவந்தது எங்கள் கம்பெனி கேன்டீனில், சாம்பார் வாளிக்கு முன்னால், மூன்றாம் மனிதர் வாயால். பரவாயில்லை. ஆட்டத்தை இணையத்தில் காட்டுகிறார்கள் என்று அறிந்து, லேப்டாப்பை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தியா என்று காதில் விழுந்ததும் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இசக்கிதுரையும் பேச்சிராஜும் இறங்கி வந்துவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், ஒரகடத்தில் ஒரே லைனில் வேலை, ஞாயிறு விடுமுறை. ஆளுக்கு ஒரு முறை பிரிட்ஜை விளக்கினேன்: இரண்டு பேருக்கு இரண்டு பேர், பதின்மூன்று பிடிகளில் எத்தனை பிடிப்போம் என்று முதலில் ஏலம் சொல்ல வேண்டும், பிறகு ஜோடியில் ஒருவர் ஆடுவார், மற்றவர் தன் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வேலையைத்தான் ஆறு வருஷமாக நான் பார்த்துவருகிறேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம் வந்தபோது எதிரணி நார்வே சற்று முன்னால் இருந்தது. கவியாவின் ஜோடி ஆர்ட்டினில் பன்னிரண்டு பிடி எடுப்பதாகச் சொல்லிவிட்டது. ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி: ஸ்பேட் ராணி. அது இடப்பக்கத்தவரிடம் இருக்கிறதா, வலப்பக்கத்தவரிடமா என்று கவியா ஊகிக்க வேண்டும். சரியாக ஊகித்தால் அடுத்த சுற்று, இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். பார்க்கிற நமக்கோ நாலு கையும் திரையில் தெரிகிறது.

"சார், ராணி இந்தா எடக்கைப் பக்கம்தான இருக்கு. பிள்ளைக்குத் தெரியாதா?" என்றான் இசக்கிதுரை.

"தெரியாது."

"போன் போட்டுச் சொல்லிரலாம்ல?"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா கிளியம்மாள் முறத்தோடு வந்தார். "இன்னா சார், மூணு பேரும் கம்முனு குந்திகினு கீறீங்க? கரண்டு பில்லு ஜாஸ்தியா வந்துச்சா?"

"ஆச்சி, அப்படியே நில்லுங்க. நீங்க வந்த பொறவுதான் பிள்ளை யோசிக்கவே ஆரம்பிச்சிருக்கா. அசைஞ்சா ராசி போயிரும்," என்றான் இசக்கிதுரை. கிரிக்கெட் பார்க்கும்போது அவர்கள் அறையில் இதுதான் சட்டமாம். கிளியம்மாள் முறத்தைக் கையில் ஏந்தியபடி நின்றார். பேச்சிராஜ் ஒரு காலைப் படியில் வைத்தவன் எடுக்கவில்லை. நான் பி.எஸ்சி. கணிதம், இருபத்திரண்டு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன், நானும் அசையவில்லை.

அப்போதுதான் நீங்கள் அழைத்தீர்கள். "எடுக்காதிய சார்," என்றான் இசக்கிதுரை. கட் செய்தேன். மறுபடி இரண்டு முறை அழைத்தீர்கள், இரண்டையும் கட் செய்தேன். கேலி செய்யத்தான் அழைக்கிறீர்கள் என்று நினைத்தேன். நினைக்கக் காரணம் இருக்கிறது. ஒரகடம் கம்பெனிகளுக்கிடையிலான போட்டியில் நீங்கள் ஆர்ட்டின் என்றீர்கள், உங்கள் பார்ட்னர் நான் அதை ஆறு வரை, அதாவது இதே பன்னிரண்டு பிடி வரை, ஏற்றினேன், இதே ஸ்பேட் ராணியைத்தான் தேட வேண்டியிருந்தது. ஏலத்தில் ஸ்பேட் என்று வாயைத் திறந்தவர் உங்கள் இடப்பக்கத்தவர். ஸ்பேட் நிறைய வைத்திருப்பவரிடம்தானே ராணியும் இருக்கும்? நீங்கள் வலப்பக்கம் தேடினீர்கள். தோற்றோம். எழுந்து நின்று நாற்பது பேர் முன்னால், "இவரோட பார்ட்னரா உக்காந்தா இப்படித்தான்" என்றீர்கள். அன்று பன்னிரண்டு வயது கவியாதான் நம் மேஜையில் யார் என்ன ஏலம் சொன்னார்கள் என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை வாங்கி லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

திரையில் ஏழு நிமிடம் கழித்து அவள் இடப்பக்கம் தேடி ராணியைப் பிடித்தாள். பேச்சிராஜ் படியிலிருந்து விழுந்தான், காயம் இல்லை. கிளியம்மாள் கேட்டது: "நம்ம கெலிச்சிட்டமா? அப்போ நான் போய் அரிசி பொடைக்கலாமா?"

அதற்குப் பிறகுதான் இசைவாணியின் குரல் பதிவைக் கேட்டேன். "அண்ணா, போனை எடுண்ணா. மேட்ச் முடிஞ்சி அரை மணி நேரமாவுது, கவியா பேசிட்டா. இவரு உன்னாண்ட இன்னாவோ சொல்லணுமாம். என்னாண்ட சொல்ல மாட்றாரு."

இசக்கிதுரை மாதிரி ஆட்கள் போன் போட்டுச் சொல்லிவிடக் கூடாது என்று அரை மணி தாமதமாகத்தான் காட்டுகிறார்களாம். பக்கத்தின் உச்சியிலேயே எழுதியிருக்கிறது. அறிவிப்புப் பலகையைப் படிக்காதவர்களுக்கு மெமோ கொடுப்பது என் உத்தியோகம். முடிந்துபோன ஆட்டத்துக்காக நாலு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். மகள் இடப்பக்கம் தேடியதைக் கேட்டதும் உறைத்திருக்கிறது. போனில் வேண்டாம். சபையில் சொன்னதை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். அதுவரை அங்கே வருவதாக இல்லை, விமான நிலையத்துக்கும் வருவதாக இல்லை. அத்தாட்சியாக அந்தத் தாளின் நகலை இத்துடன் வைக்கிறேன்.

இசைவாணிக்கு என் அன்பு. கவியா எந்த நாட்டுக்குப் போனாலும் யோசித்து ஆடி நன்றாக இருக்கட்டும். உங்களுக்கும் உடல்நலம் உண்டாகட்டும்.

பி.கு.: நகல் எடுக்கத் தாளை வெளியே எடுத்தேன். மனப்பாடமாகத் தெரியும் என்பதால் ஆறு வருஷத்தில் ஒருமுறைகூடப் படித்ததில்லை. கவியாவின் கையெழுத்து குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கிறது. ஸ்பேட் என்று சொன்னவர் உங்கள் வலப்பக்கத்தவர். நீங்கள் தேட வேண்டிய இடத்தில்தான் தேடியிருக்கிறீர்கள். ராணி அன்று இடம் மாறி இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் ஆறுக்கு ஏற்றியதை நினைத்தால் பார்ட்னரைப் பற்றி நீங்கள் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாற்பது பேர் முன்னால் சொன்னதில் இல்லை.

இப்போது போன் மறுபடி அடிக்கிறது. எடுக்க மாட்டேன். எடுத்தால் நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிடுவீர்கள், எனக்கு அது பிடித்தும் போகும். இந்தக் கடிதம் முதலில் வந்து சேரட்டும் என்று நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். புதன்கிழமைக்குப் பிறகு அழைத்தால் எடுப்பேன். விமானம் எத்தனை மணிக்கு என்றும் அப்போது சொல்லுங்கள், இசக்கிதுரையும் வருகிறானாம். தப்பு என்னுடையது என்று எழுதிவிட்டேன், அதன் கீழே கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை. போடாமலே அனுப்புகிறேன்.